சும்மா கிடக்கும் டேப்லெட் சுடுவதேன்?

மே மாதத்துக் கத்திரி வெயிலில், மொட்டைப் பாறைக் குன்றுகளின் அடியில் கிடக்கும் எங்கள் சத்துவாச்சாரி, பகலெல்லாம் வாங்கிய உஷ்ணத்தை இரவு வெகுநேரம் வரையில் திருப்பித் தந்துகொண்டிருக்கும் என்பதை வேலூர்ப் பக்கத்தார் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியொரு பிற்பகலில், கூடத்து மர பெஞ்சின் மேல் கிடந்த டேப்லெட்டைக் கையில் எடுத்த என் அண்ணன் மகள், "சித்தப்பா, இன்னா இது இப்டி சுடுது?" என்று கீழே வைத்துவிட்டாள். உச்சிவேளையில் பாடம் பார்த்து முடித்து அவள் திரையை அணைத்து வைத்தபோது 80 சதவீதமாக இருந்த சார்ஜ், மூன்று மணிக்கு 50 ஆகியிருந்தது. இடையில் யாரும் அதைத் தொடவில்லை.

இத்தகைய சமயங்களில் அவசரப்பட்டு ஏதேனும் செய்துவிடுவது மனித சுபாவம். குளிர்பெட்டியில் வைக்கலாம் என்று வீட்டில் ஒரு யோசனை எழுந்தது. அப்படி வைத்தால் உள்ளே ஈரம் படிந்து யந்திரமே கெட்டுப்போகக்கூடும் என்று தடுத்தேன். காரணம் தெரியாமல் செய்யும் வைத்தியம், நோயை விடக் கொடிது.

முதலில் தெளிய வேண்டியது, அந்தச் சூடு வெளியிலிருந்து வந்ததா, உள்ளே பிறந்ததா என்பதே. நமது தோலின் வெப்பம் ஏறக்குறைய 33 பாகை செல்சியஸ். அறையோ 40 பாகையில் இருந்தால், அங்கே கிடக்கும் உலோகம் எதுவாயினும் கைக்குச் சூடாகவே தோன்றும். ஆகவே அதே பெஞ்சின் மேல் காலியாயிருந்த எவர்சில்வர் டம்ளரைத் தொட்டுப் பார்த்தோம். அது வெதுவெதுப்பாக இருந்தது, டேப்லெட்டின் முதுகோ கை வைக்க முடியாமல் சுட்டது. சந்தேகம் தீர்ந்தது: உள்ளே எதுவோ உழைத்துக்கொண்டிருந்தது.

அந்த உழைப்பின் அளவையும் கணக்கிட்டுவிடலாம். 8,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பேட்டரியில் ஏறக்குறைய 30 வாட் மணி மின்சக்தி அடங்கும். அதில் 30 சதவீதம், அதாவது 9 வாட் மணி, மூன்று மணி நேரத்தில் செலவாயிற்றென்றால், சராசரியாக 3 வாட் விகிதம் செலவாகியிருக்கிறது. உறங்கும் டேப்லெட்டுக்கு ஒரு வாட்டில் சிறு பின்னமே போதும். சில்லுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் செலவாகும் மின்சக்தி, பெரும்பாலும் உஷ்ணமாகவே முடிகிறது. உஷ்ணம் ஏற ஏற டிரான்சிஸ்டர்களின் வழியே வீணாகக் கசியும் மின்னோட்டமும் ஏறி, மேலும் உஷ்ணத்தை உண்டாக்குகிறது.

டேப்லெட்டுக்கு விசிறி கிடையாது. அதன் முதுகே உஷ்ணத்தைக் காற்றில் விட வேண்டும். உஷ்ணம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே செல்லுமாதலால், 25 பாகை அறையில் எளிதாக வெளியேறும் அதே 3 வாட், 40 பாகை அறையில் வெளியேற வேண்டுமானால், முதுகு மேலும் 15 பாகை சூடேறியாக வேண்டும். போதாக்குறைக்கு, எங்கள் டேப்லெட் ஆம்பூரில் வாங்கிய அழகான தோல் உறைக்குள் இருந்தது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் தோல் உஷ்ணத்தைக் கடத்துவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காலுக்கு ரட்சையாக இருக்கும் அந்தக் குணமே இங்கே கம்பளியாயிற்று. உறையைக் கழற்றினோம், ஆயினும் மூலகாரணம் நீங்கவில்லை.

பிறகு ஏர்பிளேன் மோடில் அரைமணி நேரம் வைத்தோம். டேப்லெட் டம்ளரின் சூட்டுக்கு இறங்கிவிட்டது. எனவே குற்றவாளி, இணையத்தை நாடும் ஏதோ ஒரு செயலி. செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதியைத் திறந்தபோது, புகைப்படங்களை இணையச் சேமிப்புக்கு அனுப்பும் செயலி முதலிடத்தில் இருந்தது. வீட்டு வைபவம் ஒன்றின் நீண்ட வீடியோவை அனுப்ப முயன்று, வைஃபை வலுவில்லாமையால் பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அதே காரியத்தை ஓயாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், அசையாமலும் சார்ஜரில் இல்லாமலும் கிடக்கும் சாதனத்தில் செயலிகளை உறங்க வைக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் இந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாமென்று நாங்களே எப்போதோ அனுமதி கொடுத்திருந்தோம். அந்த அனுமதியை நீக்கினோம். வீடியோவை, குளிர்ந்த விடியற்காலையில், வைஃபைப் பெட்டியின் அருகில் வைத்து அனுப்பி முடித்தோம். மறுநாள் அதே மூன்று மணி நேரத்தில் சார்ஜ் ஒரு சதவீதமே குறைந்தது.

லித்தியம் அயனி பேட்டரிக்கு உஷ்ணம் பரம விரோதி. அதிலும் முழு சார்ஜோடு உஷ்ணத்தில் கிடப்பது அதன் ஆயுளை விரைந்து குறைக்கும். ஐபேடை 35 பாகை வரையிலான சூழலிலேயே உபயோகிக்கும்படி ஆப்பிள் நிறுவனம் அறிவுறுத்துகிறது. நமது கோடைப் பகல்களோ அந்த எல்லையைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன. முதுகு உப்பியிருக்கக் கண்டால் மட்டும் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். சார்ஜ் போடாமல், பழுது பார்ப்பவரிடம் உடனே கொண்டு செல்லுங்கள்.

மற்றபடி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டுக் குணமாயிற்று என்று மகிழாதீர்கள். எது குணப்படுத்தியது என்பது தெரியாமலே போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் பலனைப் பொறுமையாகப் பார்த்து, பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள். வீட்டுக் குழந்தைகளையும் உடன் வைத்துக்கொண்டு அதைச் செய்யுங்கள். விஞ்ஞானத்தின் முதற்பாடத்தைக் கற்க ஒரு பெஞ்சும் ஒரு டம்ளரும் போதும்.