பனிச்சரிவும் நமது ஜில்லாவும்

அல்லிநகரத்திலிருந்து மேற்கே நோக்குவோருக்குத் தெரிவது மேகம் தவழும் மலையேயன்றிப் பனிமலையன்று. ஆயினும் பனியினால் விளையும் நாசம் நமக்கு அந்நியமானதன்று. 2016-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி, ஸியாசெனில் சுமார் 19,600 அடி உயரத்தில் காவலிருந்த மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாளத்து வீரர் பதின்மர், இடிந்து விழுந்த பனிச்சுவரின் கீழ்ப் புதையுண்டனர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டினர். ஒருவர் நமது ஜில்லாவின் குமணன்தொழு கிராமத்தவர். ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்ட கர்நாடக வீரர் ஹனுமந்தப்பாவும் 11-ந் தேதி டில்லியில் காலமானார்.

எல்லை காப்போர் அபாயத்தை ஏற்பது தேச சேவை. ஆனால் விடுமுறைக்கு இமயமலையில் நடக்கச் செல்லும் நமது இளைஞர்கள் அபாயத்தை அறியாமலே ஏற்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

மலைச்சரிவில் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அடியிலுள்ள அடுக்கொன்று சர்க்கரைபோல் உதிர்ந்து நின்றால், காற்று குவித்த மேலடுக்குக்குப் பிடிப்பு இராது. ஒருவன் கால் வைத்தாலே போதும். சரிவு முழுவதும் பலகைபோல் பெயர்ந்து இறங்கும். பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களிலேயே இது நிகழ்கிறது. புதையுண்டவரைப் 10 நிமிஷத்துக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். அரை மணி கடந்தாலோ பெரும்பாலோர் மூச்சடைத்து மாள்வர். ஆகவே வெளியிலிருந்து வரும் உதவி காலத்தில் வந்து சேராது. மண்வெட்டியுடன் உடன் செல்லும் தோழனே காக்க வேண்டும்.

இத்துறையை ஆராய 1969-ல் மணாலியில் நிறுவப்பட்ட நிலையம், 2020-ல் வேறொரு ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்துடன் இணைக்கப்பட்டது. சண்டீகரிலுள்ள அந்த ஸ்தாபனம் குளிர்காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தால் மட்டும் உயிர் பிழைக்குமா? மலையேறுவோன் காதில் அவன் அறிந்த மொழியில் விழ வேண்டாமா?

தூரத்து விஷயமென்று இதைத் தள்ளிவிட இயலாது. 2018 மார்ச் 11-ல் நமது குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே பனி, இங்கே காய்ந்த புல், பாடம் ஒன்றே. மலையின் நிலையை அன்றன்று அறியாதவன், வழி அறிந்தும் வழிகாட்டியாகான்.

ஆதலால், மலைப் பயணத்துக்கு ஆள் சேர்ப்போர் அன்றைய எச்சரிக்கையைத் தமிழில் படித்துக் காட்டிய பின்பே புறப்பட வேண்டுமென்று சர்க்கார் விதி செய்ய வேண்டும். புறப்பட்ட பின்னும் திரும்பிவிடத் துணிவதை நமது இளைஞர்கள் கோழைத்தனமென்று எண்ணலாகாது. சிகரம் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். வீட்டில் காத்திருக்கும் தாய்க்கு மகன் ஒருவனே.