பொன்முடிச் சாலையில் தண்ணீருக்கு வழி எங்கே?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாறு வரும் சாலை, அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பொன்முடியை அடைகிறது. 2022 செப்டம்பர் மழையில் 12ஆம் வளைவை ஒட்டிய பகுதி சரிந்தது. சுற்றுலா சில மாதம் நின்றதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மேலே வாழும் தோட்டத் தொழிலாளர்கள் மருத்துவமனைக்கு இறங்குவதும் இந்தச் சாலையில்தான்.

சாலை ஏன் சரிகிறது? மலைச்சாலையின் உள்பாதி சரிவை வெட்டி எடுத்தது. வெளிப்பாதி பல இடங்களில் கொட்டி நிரப்பிய மண். மேலிருந்து வரும் நீர் ஓரவாய்க்காலில் விழுந்து, சிறுபாலத்தின் அடியே புகுந்து கீழே போக வேண்டும். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் நீர் தார்மேல் ஓடி வெளி ஓரத்தை அரிக்கும். நிரப்பு மண்ணுக்குள்ளும் இறங்கும். நனைந்த மண் கனம் கூடி, பிடிப்பை இழக்கும். தடுப்புச்சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் சுவரையே தள்ளும். ஆகவே சுவரின் பருமனைவிட, அதில் விடும் வடிதுளைகளும் பின்புறம் அடுக்கும் சரளையும் முக்கியம். சரிந்த இடத்தில் சுவரை மட்டும் எழுப்பிவிட்டு வருவது பாதி வேலை.

பாலத்துக்கும் இதே கதிதான். மேலே விரிசலைப் பூசி மறைப்பது சீரமைப்பு அல்ல. ஆலோசனைப் பொறியாளர் முதலில் ஆற்றுக்குள் இறங்கி, வெள்ளம் அடித்தளத்தைச் சுற்றி எவ்வளவு மண்ணை அரித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கான்கிரீட்டின் உள்தரத்தை மீயொலிச் சோதனை சொல்லும். கம்பி துருப்பிடிக்கும் வாய்ப்பை மின்னழுத்த அளவீடு காட்டும். ஐயம் தீராவிட்டால் பாரம் ஏற்றிச் சோதிப்பார்கள். விரிசலுக்குள் எபாக்சி செலுத்துவதா, பாலத்தை ஜாக்கியால் தூக்கித் தாங்கிகளை மாற்றுவதா, இடித்துக் கட்டுவதா என்ற முடிவு அதன் பிறகே.

கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 அக்டோபரில் திறந்து, 2019 மே மாதத்தில் மூடப்பட்டது. சென்னை ஐஐடி ஆய்வு செய்தது, பொறியாளர் இ. ஸ்ரீதரன் பெரும்பகுதியை மாற்றிக் கட்டச் சொன்னார். பாரச் சோதனை போதுமா, மறுகட்டுமானம் வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 செப்டம்பரில் மறுகட்டுமானத்துக்கு அரசுக்கு அனுமதி கிடைத்தது. டெல்லி மெட்ரோ நிறுவனம் வேலையை முடித்து, 2021 மார்ச்சில் பாலம் மீண்டும் திறந்தது. கட்டும்போதே கண்காணிப்பு உறுதியாக இருந்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

இப்போது காசர்கோட்டிலிருந்து பாறசாலை வரை மலையோர நெடுஞ்சாலை உருவாகிறது. விதுரா அதன் பாதையில் இருக்கிறது. இத்தகைய நெடும்பாதையைத் திட்டமிடுகிறவர்கள் வண்டிகளை எண்ணுவதோடு நிற்கக் கூடாது. சரிவின் கோணம், மண்ணின் ஆழம், ஓடைகளின் போக்கு ஆகியவை தெரிந்த பிறகே கோடு இழுக்க வேண்டும். இதே மாவட்டத்தின் அம்பூரியில் 2001 நவம்பரில் நிலச்சரிவு ஏறத்தாழ 40 உயிர்களைக் கொண்டுபோனது. கொண்டை ஊசி வளைவின் உள்வட்ட ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதித்திருக்கிறது. அந்த ஆரத்துக்காக மலையை எவ்வளவு வெட்டலாம் என்பதை அந்தந்தச் சரிவுதான் தீர்மானிக்கும்.

இந்த ஆய்வுகளுக்கு ஆகும் செலவு கட்டுமானச் செலவில் சிறு பங்குதான். ஆனால் அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. திட்ட அறிக்கையோடு மண் ஆய்வையும் வடிகால் வரைபடத்தையும் மலையாளத்திலும் தமிழிலும் ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். எந்த ஓடை எந்த மழையில் திசை மாறும் என்று தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டு அதில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.