லாரிக்கு நீங்களே கியர் ஆயில் மாற்றுகிறீர்களா?

பெங்களூர் கலாசிபாளையத்திலும் யஷ்வந்தபுரத்திலும் லோடுக்காகக் காத்து நிற்கும் லாரிகளில் தமிழ்நாட்டு வண்டிகள் ஏராளம். நாமக்கல், சங்ககிரி, சேலம் என்று எழுதிய முகப்புகளைப் பார்க்கலாம். லோடு அமைய ஒரு நாளும் ஆகலாம். இரண்டு நாளும் ஆகலாம். அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் புகுந்து சின்னச் சின்ன வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்வது டிரைவர்களின் பழக்கம். ஓட்டுகிறவரே முதலாளியாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒர்க்‌ஷாப் கூலி மிச்சம், ஆயிலையும் ஜே.சி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கிக்கொள்ளலாம்.

கியர் ஆயில் மாற்றுவது அப்படித் தாமே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் மாற்றிய மறுநாளே கியர் விழவில்லை, சத்தம் வருகிறது, ஒழுகுகிறது என்று புகார் கிளம்புவதும் உண்டு. "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது!" என்று டிரைவர் திகைப்பார். இந்தப் புகார்களில் பெரும்பாலானவை வேலை செய்த கையால் வந்தவை. அதே கையால் தீர்க்கக் கூடியவை. ஒரே ஒரு புகார் மட்டும் அந்த ரகம் அல்ல. அதற்குப் பிறகு வருவோம்.

மேல் பிளக் முதலில்

கியர் பாக்ஸின் அடியில் ஒரு பிளக். பக்கவாட்டில் ஒரு பிளக். அடியில் இருப்பது பழைய ஆயிலை இறக்க. பக்கத்தில் இருப்பது புது ஆயில் ஊற்ற. அளவு பார்ப்பதும் அதே துவாரத்தில்தான். அவசரக்காரர்கள் நேரே அடிப் பிளக்கைக் கழற்றிவிடுகிறார்கள். ஆயில் முழுவதும் இறங்கிய பிறகு பக்கப் பிளக்கில் ஸ்பானரை வைத்தால் அது துருவேறி இறுகிக் கிடக்கும். தலை மழுங்கிப் போகும். ஊற்றவும் வழியில்லை, வண்டியை நகர்த்தவும் வழியில்லை. ஆகவே பக்கப் பிளக் கழல்கிறது என்று உறுதியான பிறகே அடிப் பிளக்கைத் தொட வேண்டும். கழற்றும் முன் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். உள்ளே விழும் மண் பேரிங்கைத் தின்றுவிடும்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சூட்டோடு இறக்கினால் அழுக்கும் சேர்ந்து வரும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளீனர் பையன் விளையாட்டாக ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது கூடவே கூடாது.

பழைய ஆயில் சொல்லும் சேதி

இறக்கிய ஆயிலை அப்படியே கொட்டிவிடாதீர்கள். டாக்டருக்கு ரத்தப் பரிசோதனை எப்படியோ, கியர் பாக்ஸுக்கு இது அப்படி. முதலில் அளந்து பாருங்கள். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைவிட ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. பால் கலந்த காப்பியைப் போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழை வெள்ளத்தில் ஓட்டிய வண்டிகளில் இதைக் காணலாம். கருகல் நாற்றம் அடித்தால், ஆயில் குறைவாலோ அதிகப் பாரத்தாலோ சூடு ஏறியிருக்கிறது.

பல அடிப் பிளக்குகளின் நுனியில் காந்தம் உண்டு. அதில் கருஞ்சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் துண்டுகள், பல்லின் முனை போன்ற சில்லுகள் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். புது ஆயில் ஊற்றினால் முறிந்த பல் முளைக்காது. ஆயிலில் பொன்போல் மினுமினுக்கும் தூளை இந்தக் காந்தம் பிடிக்காது. அது சிங்க்ரோ கோனின் பித்தளைத் தூள்.

இந்தப் பித்தளை விஷயத்தில்தான் ஆயில் வாங்கும்போது பலர் ஏமாறுகிறார்கள். ஜி.எல்-4, ஜி.எல்-5 என்று டப்பாவில் அச்சிட்டிருப்பார்கள். கிரவுனின் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு பாரம் தாங்குவதால், அங்கே கந்தகம், பாஸ்பரஸ் கூட்டுப் பொருள் அதிகமுள்ள ஜி.எல்-5 தேவை. அதே பொருள் பல கியர் பாக்ஸ்களில் பித்தளையை அரிக்கிறது. "பெரிய நம்பர்தானே, உசத்தியாக இருக்கும்" என்று ஒரே டிரம் வாங்கி இரண்டிலும் ஊற்றிவிடுவது சிக்கனம் ஆகாது. 80W-90, 85W-140 என்பவை கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்கள். இது வேறு கணக்கு. கியர் பாக்ஸுக்குக் கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்கி, பழைய வண்டியை விற்றுவிடும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள்! புத்தகத்தில் போட்டிருப்பது எதுவோ அதுதான் சரி.

ஊற்றும்போது பக்கத் துவாரத்தில் வழிந்தவுடன் மூடிவிடக் கூடாது. கெட்டியான ஆயில் உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஊற்றிப் பாருங்கள். செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரைப் போட்டுவிட்டு, ஒழுகுகிறதே என்று பிளக்கை முரட்டுத்தனமாக முறுக்கி மரையைக் கெடுத்தால் செலவு எங்கோ போய்விடும்.

மறுநாள் புகார்கள்

கியர் விழ மறுக்கிறதா? எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்தால் குறை ஆயிலில் இல்லை. கிளச் முழுவதும் விடவில்லை. நிறுத்தியும் முரண்டு பிடித்தால், அடியில் வேலை செய்யும்போது கியர் லிங்கேஜில் கை பட்டு நகர்ந்திருக்கலாம். விடியற்காலையில் மட்டும் கடினமாக இருந்து, சற்று ஓடியதும் இளகினால் ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டி.

நியூட்ரலில் வரும் சத்தம் கிளச்சை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸுக்குள் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். மிதித்த பிறகுதான் சத்தம் கிளம்புகிறது என்றால் அது கிளச் ரிலீஸ் பேரிங்.

மேட்டில் எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை என்றால் ஆயில் அதிகமாகியிருக்கக் கூடும். சரிவான இடத்தில் நிறுத்தி ஊற்றினால் இப்படி நேரும். மிஞ்சிய ஆயில் நுரைத்து, முன் சீலைத் தாண்டிக் கிளச் பிளேட்டில் ஏறிவிடும். சமதரையில் பக்கப் பிளக்கைத் திறந்தால் அதிகப்படி தானே வழிந்துவிடும். ஆனால் நனைந்த பிளேட்டுக்கு மெக்கானிக்தான் வர வேண்டும். சீல் மாற்றி மாற்றியும் ஒழுகினால் கியர் பாக்ஸின் மேலே உள்ள பிரீதர் துவாரத்தைப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் உள்ளே ஏறும் அழுத்தம் ஆயிலை சீல் வழியே தள்ளும். குச்சி வைத்துச் சுத்தம் செய்தால் போதும்.

இவ்வளவும் கிளச் மிதித்து ஓட்டும் லாரிக்கு. பெங்களூரின் வோல்வோ நகரப் பேருந்துகளில் உள்ளது போன்ற ஆட்டோமேட்டிக்குக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே அடிப் பிளக்கைத் திறந்தாலும் கன்வெர்ட்டரில் தங்கும் ஆயில் இறங்காது. வந்த அளவைக் கணக்கிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அளவு பார்ப்பதும் பொதுவாக எஞ்சின் ஓடும்போது, ஆயில் சூடாக இருக்கையில். அந்தச் சிவப்பு நிற ஆயிலை உங்கள் லாரியிலும் பார்த்திருப்பீர்கள். பல வண்டிகளின் பவர் ஸ்டியரிங்கில் அதுதான். அடியில் சொட்டுவது சிவப்பாக இருந்தால் கியர் பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள்.

தள்ளிவிடும் கியர்

இனி அந்த ஒரு புகார். ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஆயில் மாற்றினால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகாது. பல் தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், எஞ்சின் மவுண்டிங் ஆடும், லிங்கேஜ் விலகியிருக்கும். பெட்டியைத் திறக்காமல் இவற்றில் சிலவற்றைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

சமதரையில் இது தொல்லை. இறக்கத்தில் இது எமன். பெங்களூரிலிருந்து சேலம் போகும் லாரி, தர்மபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. அங்கே 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நடந்த தொடர் மோதல்களில் உயிர்கள் பலியாயின. அவற்றுக்குக் காரணம் எதுவாயினும், பாரம் ஏற்றிய வண்டியை இறக்கத்தில் பிடித்து நிறுத்துவதில் பாதி வேலை கியரினுடையது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், கியர் தானே நழுவுவதும் விளைவில் ஒன்றுதான். பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். டிரம் காய்ந்து பிரேக் பிடிக்காமல் போகும். வேகமெடுத்த வண்டியில் மறுபடி கியர் விழாது. கியர் தள்ளும் வண்டிக்கு லோடு ஏற்றாதீர்கள், கிராக்கி எவ்வளவு நல்ல வாடகை சொன்னாலும்.

மற்ற வண்டிகள் புறப்படலாம். இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, உரிமம் பெற்ற பழைய ஆயில் வியாபாரியிடம் கொடுங்கள். 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் அதுவும் அடக்கம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுமார் 90 கிலோமீட்டர் ஓடிக் கிருஷ்ணகிரியில் டீக்கு நிறுத்தும்போது, டீ வருவதற்குள் ஒருமுறை குனிந்து இரண்டு பிளக்குகளையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அங்கேயே ஒரு சுற்று இறுக்கிக்கொள்ளலாம். தொப்பூர் அதற்கு அப்பால்தான் வருகிறது.