அறுபதுக்குப் பின் புதுக்கணக்கு



“வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இனி எதற்குப் புது முயற்சி?” என்ற பேச்சை நம் கடைவீதிகளில் அடிக்கடி கேட்கிறோம். உத்தியோகஸ்தருக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று உண்டு. வணிகருக்கு அது கிடையாது. கல்லாவை விட்டு எழும் நாளை நாமேதான் குறித்துக்கொள்ள வேண்டும். அதுவரை காலம் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

1996-இல் சென்னை கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கனி வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. 2007-இல் தமிழகத்தில் ‘வாட்’ வந்தது; 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. இவை ஒவ்வொன்றையும் நம் மூத்த வியாபாரிகள் பழகிக்கொண்டுதான் தொழில் நடத்தினார்கள். ஆகவே வயது ஒரு தடையல்ல.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. முப்பது வயதில் முதல் போனால் மீண்டும் சம்பாதிக்கக் காலம் இருக்கிறது. அறுபதில் அந்தக் காலம் குறைவு. எனவே புதிய வாய்ப்பு எது வந்தாலும், கைநீட்டும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது.

1. நமக்குத் தெரிந்த சரக்கா?

நாற்பது வருடப் பட்டறிவுதான் நம் முதல். அது செல்லுபடியாகும் இடத்தில் இறங்க வேண்டும். சிறுதானியத்தை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் நம் பாட்டி காலத்துச் சரக்குகள். எதை எப்படிச் சமைப்பது என்று கேட்கும் இளம் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல நம்மால் முடியும்.

இதிலும் கவனம் வேண்டும். தோல் நீக்கிய சிறுதானிய அரிசியில் வண்டு விழும். கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும். எனவே சிறிய அளவில் கொள்முதல் செய்து, விற்ற பின் மறுபடி வாங்குவதே நலம். மூட்டையிலிருந்து அளந்து கொடுத்தால் ஜி.எஸ்.டி. இல்லை. முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டி விற்றால், 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி உண்டு. லேபிளில் நிகர எடை, விலை, பொட்டலமிட்ட மாதம் முதலியவையும் இருந்தாக வேண்டும்.

2. போனாலும் தாங்குமா?

“டெபாசிட் கட்டுங்கள், ஏஜென்சி தருகிறோம், மாதம் இவ்வளவு நிச்சயம்” என்று வருவோர் வயதானவர்களைத்தான் தேடி வருகிறார்கள். நம் கையில் சேமிப்பு இருப்பது அவர்களுக்குத் தெரியும். லாபத்தை நிச்சயம் என்று சொல்பவரிடம் நிச்சயமாக எச்சரிக்கை வேண்டும்.

முதுமைக்கான பணத்தையும் கடை முதலையும் ஒரே பேரேட்டில் வைக்கக் கூடாது. 60 வயது நிறைந்தவர்களுக்கு அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உள்ளது. 2023 ஏப்ரல் முதல் இதில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். காலம் 5 ஆண்டுகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கிடைக்கும். மருத்துவத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஒரு பகுதியை மட்டும் புது முயற்சியில் போடுவோம். அது முழுவதும் போனாலும் அடுப்பு எரிய வேண்டும்.

3. நமக்குப் பின் யார்?

நம்மில் பெரும்பாலோர் தனி உரிமையாளர்கள். உரிமையாளர் மறைந்தால் வங்கிக் கணக்கு முடங்கும், ஜி.எஸ்.டி. பதிவை வாரிசு புதிதாக எடுக்க வேண்டும். கடன் பாக்கி வசூல் தடைப்படும். மகனோ மகளோ தொழிலில் ஆர்வமாக இருந்தால், நாம் நலமாக இருக்கும்போதே கூட்டு வியாபாரமாக மாற்றுவது நல்ல முடிவு. அதற்குப் புதிய பான் எண்ணும் புதிய ஜி.எஸ்.டி. பதிவும் தேவை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பங்குதாரர் இருவர் மட்டும் என்றால், ஒருவர் மறைந்ததும் கூட்டு கலைந்துவிடும். மூவராவது இருந்து, ஒருவர் மறைந்தாலும் வியாபாரம் தொடரும் என்று பத்திரத்தில் எழுதினால் கடை நிற்காது. 1932-ஆம் ஆண்டுப் பங்குதாரர் சட்டப்படி பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், வராத பாக்கிக்காகக் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. எனவே பத்திரத்தோடு பதிவும் வேண்டும். ஆடிட்டரைக் கலந்துகொண்டு செய்யலாம்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைத்தால் தயங்க வேண்டாம். ஒரு முயற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குத் தனிக் கணக்கு எழுதி, ஒரு வருடம் நடத்திப் பார்ப்போம். தேறினால் வளர்ப்போம், தேறாவிட்டால் நிறுத்துவோம். ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால், “வேண்டாம்” என்று சொல்வதும் நல்ல வியாபாரமே. சரக்கைத் தரம் பார்த்து எடுக்கத் தெரிந்த நமக்கு, வாய்ப்பையும் தரம் பார்த்து எடுக்கத் தெரியாதா என்ன?