பையில் உருளைக்கிழங்கு: நடுவதற்கு முன் சில வார்த்தைகள்

2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின்னர் எமது வீடுகளில் வெற்று உரப்பைக்கும் பழைய வாளிக்கும் ஒரு மதிப்பு வந்தது. பண்டாரவளையில் படிப்பிக்கும் நானும் வாடகை வீட்டு முற்றத்தில் நான்கு பைகளில் உருளைக்கிழங்கு நட்டேன். செடி செழித்து வளர்ந்தது. பையைக் கவிழ்த்தபோது கிடைத்ததோ மாபிள் அளவில் ஒரு கைப்பிடிக் கிழங்கு. ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்றவள் என்ற பெருமை அன்றே போய்விட்டது.

பிழை என்னுடையதுதான். கோழி எருவை அள்ளிப் போட்டிருந்தேன். நைதரசன் கூடினால் இலை செழிக்கும், கிழங்கு பிந்தும். மண்ணும் அணைக்கவில்லை. உருளைக்கிழங்கு வேர் அல்ல, தண்டு என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பவள் நான். விதைக்கிழங்குக்கு மேலே, மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து பக்கக் கிளைகள் ஓடி, அவற்றின் நுனி பருத்தே கிழங்காகிறது. அந்தத் தண்டை மண் மூடாவிட்டால் கிழங்குக்கு இடமேது?

இப்போது நான் செய்வது இதுதான். பையின் அடியில் துளைகள் இட்டு, மண், உக்கிய கூட்டெரு, தும்புச்சோறு கலந்து மூன்றிலொரு பங்கு நிரப்புகிறேன். முளை கண்ட, முட்டையளவு விதைக்கிழங்கு இரண்டை நான்கு விரல் ஆழத்தில் வைக்கிறேன். கடைக் கிழங்கு வேண்டாம்; முளைக்காமலிருக்க மருந்திட்டதாகவோ நோயுள்ளதாகவோ இருக்கலாம். செடி ஒரு சாண் உயர்ந்ததும் நுனி இலைகளை விட்டு மண் அணைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் மீண்டும் ஒருமுறை. தக்காளி, கத்தரி, மிளகாய் நட்ட மண்ணைப் பாவிக்க வேண்டாம். இவையெல்லாம் ஒரே குடும்பம். வாடல் நோய் மண்ணிலேயே தங்கியிருக்கும். காலையில் அடியில் மட்டும் நீர் ஊற்றுங்கள். இலை நனைந்தே இருந்தால் வெளிறல் நோய் வரும். சுமார் மூன்று மாதத்தில் இலை மஞ்சளானதும் நீரை நிறுத்தி, பையைக் கவிழ்க்கலாம். வெயில்பட்டுப் பச்சையான கிழங்கைச் சமைக்காதீர்கள். அதிலுள்ள சொலனின் நஞ்சு அவித்தாலும் போகாது.

என் அறுவடையைக் கேள்விப்பட்டு, கிழக்குக் கரையிலிருக்கும் உம்மாவும் விதை கேட்டார். அனுப்பினேன். இலை வந்தது, கிழங்கு வரவில்லை. கிழங்கு பருக்க இரவுக் குளிர் வேண்டும். 15 முதல் 20 பாகை செல்சியஸ் அளவு நல்லது. யாழ்ப்பாணத்திலும் மாரியின் குளிர்ந்த மாதங்களில்தான் பயிரிடுகிறார்கள். எனவே காத்தான்குடி, கல்முனை, புத்தளம் வாசகர்கள் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதே பையில் வற்றாளைக் கொடி நடுங்கள். அது வெப்பத்தைத் தாங்கும். இலையும் சுண்டலுக்கு உதவும். உம்மா இப்போது அதைத்தான் செய்கிறார்.

கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். சென்ற முறை நான்கு பைகளில் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு அது மூன்று வாரக் கறி. சந்தைக்குப் போகும் செலவு நின்றுவிடாது. ஆனால் பையைக் கவிழ்க்கும் நாளில் என் பிள்ளைகள் மண்ணுக்குள் கைவிட்டுத் தேடுகிறார்கள். அதன்பின் சாப்பாட்டுக் கோப்பையில் அவர்கள் கிழங்கை மிச்சம் வைப்பதில்லை.