பேத்தியும் மஞ்சள் அரளியும்

ஜாம்ஷெட்பூரில் சோனாரிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "வாசலில் பலா மரம் இருக்குமே, அந்த மதராஸி வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். முப்பது வருடத்துக்கு முன் நானும் என் மனைவியும் வைத்த மரங்கள். முன்னால் பலா, பக்கவாட்டில் இரண்டு மா, கிணற்றடியில் கொய்யா, பின்னால் லிச்சி. வேலியோரம் பூஜைக்காக மஞ்சள் அரளி. இங்கே அதைக் கனேர் என்பார்கள்.

சென்ற மே மாதம் மகன் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். பேத்திக்கு ஒரு வயது பத்து மாதம். அவர்கள் இருப்பது ஏழாவது மாடி. மண் என்றால் அது பூந்தொட்டியில் இருப்பது என்று எண்ணிக்கொண்டிருந்த குழந்தையைத் தோட்டத்தில் இறக்கிவிட்டதும் பிடிக்க முடியவில்லை. காலையில் பல் தேய்க்கும் முன்பே "மாம், மாம்" என்று கதவைத் தட்டுவாள். எங்களுக்கும் பெருமைதான். எதைத் தொட்டாலும் "தொடட்டுமே, நம் வீட்டுத் தோட்டம்தானே" என்று விட்டுவிட்டோம்.

முதல் வாரத்தில் வந்தவை சின்னச் சின்னப் பாடங்கள். மாங்காய் பறித்த கையோடு அவள் கன்னத்தைத் தடவினேன். காம்பிலிருந்து வடிந்த பால் பட்டு கன்னம் சிவந்து கொப்பளித்தது. உடனே சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் அவ்வளவு வந்திராது. மாமரத்து முசுறு ஒருநாள் காலில் ஏறியது. (இந்த ஊர் ஆதிவாசிகள் அதைச் சட்னி அரைத்துச் சாப்பிடுவார்கள். என் பேத்தி இன்னும் அந்த அளவுக்கு ஜார்க்கண்ட்காரி ஆகவில்லை.) பலா மரத்தடியில் நான் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலை மருமகள்தான் இழுத்து அப்பால் போட்டாள். பதினைந்து கிலோ பழம் சொல்லிவிட்டா விழும் என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

லிச்சி விஷயத்தில் மட்டும் நான் உஷாராக இருந்தேன். பீகாரில் முசாபர்பூர் பக்கம் லிச்சிக் காலத்தில் விடியற்காலையில் குழந்தைகளுக்கு வலிப்பு வந்து இறந்துபோன செய்திகளை வருடா வருடம் படித்தவன் நான். 2014இல் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க நிபுணர்களும் சேர்ந்து அதை ஆராய்ந்தார்கள். லிச்சியில், அதிலும் காயாக இருக்கும்போது, உடம்பு தானே சர்க்கரை உண்டாக்குவதைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. பகலெல்லாம் தோப்பில் லிச்சியைத் தின்றுவிட்டு இரவில் சோறு இல்லாமல் படுக்கும் ஏழைக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து என்று தெரிந்தது. வயிறு நிறையச் சாப்பிட்ட குழந்தைக்குப் பழுத்த லிச்சி இரண்டு கொடுத்தால் பயமில்லை. ஆனால் கொட்டையை எடுத்துவிட்டு, உட்காரவைத்து, பிய்த்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த வழவழப்பான கொட்டை தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். நாவல், சப்போட்டா எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சீதாப்பழ விதை இன்னும் மோசம். அதை நசுக்கிய கையால் கண்ணைக் கசக்கினால் கண் புண்ணாகிவிடும்.

இவ்வளவும் தெரிந்த நான், வேலியோரத்தை மறந்துபோனேன். அங்கே இருந்தது பழமரம் இல்லையே!

ஒரு வியாழக்கிழமை பத்து மணி இருக்கும். என் மனைவி பூ பறித்துக்கொண்டிருந்தாள். காலடியில் இருந்த பேத்தி "மாம்" என்று கையை நீட்டினாள். கையில் பச்சையாக ஒரு அரளிக்காய், தோலில் பல் பதிந்த தடம். வாயோரம் வெள்ளையாகப் பால். உள்ளே எவ்வளவு போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அரளி விதையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்தச் செடியில் எல்லாமே விஷம், விதை எல்லாவற்றிலும் அதிகம். நேராக இருதயத்துடிப்பில் கைவைக்கும்.

என் மனைவி உள்ளே ஓடி ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரோடு வந்தாள், வாந்தி எடுக்கவைக்க. நானும் குழந்தையின் வாயைப் பிடித்தேன். "வேண்டா சேச்சி!" என்று வேலிக்கு அப்புறத்திலிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டு அம்மாள், கேரளத்துக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ். உப்புத் தண்ணீர் குழந்தையின் ரத்தத்தில் உப்பை ஏற்றி அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம், வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வாயில் இருந்த துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்து எடுத்தார். "காயையும் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் காட்டணும்" என்றார். பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "இப்போது சிரிப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பல மணி நேரம் கழித்தும் துடிப்பு மாறலாம்" என்று டாக்டர் அட்மிட் செய்துவிட்டார். சின்ன நெஞ்சில் ஈசிஜி ஒயர்கள். இரவு முழுக்க அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மகன் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது. மறுநாள் காலை "தோச்சை" வேண்டுமென்று அழுதாள். நர்ஸுகள் சிரித்தார்கள். மதியத்துக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடித்ததைத் துப்பியிருக்கிறாள் போலிருக்கிறது.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். விஷம் பற்றிக் கேட்க டில்லி எய்ம்ஸில் இரவு பகலாக ஒரு மையம் இயங்குகிறது: 1800 116 117. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இப்போது அந்த எண் ஒட்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், அரளியை வெட்டலாமா என்று மனைவியைக் கேட்கத் தயங்கினேன். இருபது வருடமாக அவள் சுவாமிக்குப் போட்ட பூ. அவளே கையுறையை எடுத்து நீட்டினாள். "வேரோடு எடுத்துடுங்க. கீழே கிடக்கிற காயை நான் பொறுக்கறேன்." அன்று சாயங்காலம் வரை குனிந்து பொறுக்கினாள். ஒரு வாளி நிறைந்தது.

அந்த இடத்தில் செம்பருத்தி வைத்திருக்கிறோம். வௌவால் கடித்துப் போடும் கொய்யாவைத் தினமும் விடிந்ததும் கூட்டித் தள்ளிவிடுகிறேன். வருகிற மேயில் பேத்தி மறுபடி வருகிறாள். பின்கட்டுக் கதவுக்கு அவள் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன்.