தூமகேதுப் பரிசோதனை

புதிய மருந்தொன்றை மனிதர்க்குக் கொடுக்கத் தகுமா என்று தீர்மானிக்குமுன், அஃது உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. என்னும் மரபிழைக்குச் சேதம் விளைக்கின்றதா எனச் சோதித்தல் வழக்கம. அச்சோதனை பிழைபடின், நஞ்சு மருந்தெனத் தேறிவிடும். அன்றி, நல்மருந்து நஞ்செனத் தள்ளுண்டுபோம். ஆதலின் சோதனையையே சோதித்தல் விஞ்ஞானிகட்குக் கடமையாயிற்று.

இத்தகைய சோதனைகளுள் ஒன்று தூமகேதுவின் பெயரைத் தாங்கியது. 1984ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்தினரான ஆஸ்ட்லிங், யோஹான்ஸன் என்னும் இருவர் இதனைத் தொடங்கினர். 1988இல் அமெரிக்காவில் சிங் என்பாரும் அவர்தம் துணைவரும் கடுங்காரக் கரைசலைச் சேர்த்து இதனைத் திருத்தினர். உயிரணுக்களை அகரோஸ் என்னும் கூழில் கலந்து கண்ணாடித் தகட்டிற் பரப்பி, உப்பும் சவர்க்காரமும் போன்றவை கலந்த நீரில் அமிழ்த்துவர். சவ்வும் புரதங்களிற் பெரும்பகுதியும் நீங்க, டி.என்.ஏ. சுருண்டு நிற்கும். பின்னர்க் காரநீரில் ஊறவிட்டு மின்சாரம் செலுத்தின், முறிவுற்ற இழைகள் நேர்முனையை நோக்கி நீளும். ஒளிர்சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பிற் காணுங்கால் தலையும் வாலுமாகத் தூமகேது ஒன்று தோன்றும். வாலில் ஒளி மிகுந்தால் சேதமும் மிகுதி என்பது கணக்கு.

கேட்பதற்கு எளிதே. ஆயின் அகரோஸ் சற்றுக் கெட்டிப்பட்டாலும், ஊறும் நேரம் நீண்டாலும், மின்னழுத்தம் வேறுபட்டாலும் வாலும் வேறுபடும். வெளிச்சமும் வெப்பமும் தாமே சேதம் விளைக்கக் கூடியவை. ஆதலின் மங்கிய ஒளியிலும் குளிர்ச்சியிலும் வேலை நடைபெறும். மூன்று முறை அளந்தும் ஓர் எண்ணே வந்ததாக நோட்டுப்புத்தகத்தில் எழுதும் நம் மாணாக்கர் சிலர் இதனை நன்கு சிந்திப்பாராக!

இதனினும் வியப்பானது வேறொன்று. பிராணவாயுவினால் கெட்டுப்போன குவானைன் என்னும் பகுதி உடலில் எவ்வளவு உளதென அறிய, 1997 முதல் ஐரோப்பியச் சோதனைச்சாலைகள் பல ஒரு குழுவாகக் கூடி, ஒரே மாதிரிகளைத் தத்தம் முறையால் அளந்தன. விடைகள் பெரிதும் முரண்பட்டன. காரணம் யாதெனின், சில முறைகளில் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்துச் சூடேற்றும்பொழுதே நல்ல குவானைனும் கெட்டுப்போயிற்று! நோயறிய வந்த வைத்தியனே நோயைக் கொணர்ந்தது போலாம். 2005இல் வெளிவந்த முடிவிலும், நிறப்பிரிகை முறை காட்டிய அளவு, என்ஸைம் சேர்த்த தூமகேது முறை காட்டியதினும் பத்து மடங்குக்குக் குறையாமல் மிகுந்திருந்தது. முன்னது மிகையாகவும் பின்னது குறைவாகவும் காட்டியிருத்தல் கூடும்.

பரிகாரங்கள் சில ஏற்பட்டுள்ளன. அளவறிந்த எக்ஸ் கதிர் பட்ட உயிரணுக்களை ஒவ்வொரு முறையும் உடன்வைத்துச் சோதித்தால், அன்றைய தவறு அவற்றிலே வெளிப்பட்டுவிடும். எண்ணுபவர் எது எதுவென்று அறியாதபடி தகடுகட்குக் குறியீடு இடுவர். பிராணிகளில் செய்யும் சோதனைக்கென 2014இல் பல தேசங்கள் ஏற்றுக்கொண்ட விதியில், ஒரு மாதிரிக்கு 150 உயிரணுக்களாயினும் எண்ணவேண்டுமெனக் கண்டிருக்கின்றது. 2020இல், கட்டுரை எழுதுவோர் அகரோஸின் செறிவு, மின்னழுத்தம், நேரம் முதலியவற்றை மறையாது குறித்தல் வேண்டுமென ஆராய்ச்சியாளர் பலர் கூடிப் பரிந்துரைத்தனர். இவை குறிக்கப்படாத கட்டுரையின் முடிவை வேறொரு சோதனைச்சாலையில் மீண்டும் செய்து பார்க்க வழியில்லை.